சிலுவையம்மாள் வாங்கிய ஃபிட்டு

ஏழாம் நம்பர் வண்டி சிலுவையம்மாளின் வண்டி. கம்பெனி வண்டிதான், ஆனாலும் ஒன்பது வருஷமாக அதை வேறு யாராவது தொட்டால் அவளுக்குப் பொறுக்காது. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில், கன்டெய்னர் பிரிக்கிற குடோன் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். பொம்பளை வண்டி ஓட்டுகிறாளாமே என்று வாயைப் பிளந்த ராயபுரத்துக்காரர்கள் எல்லாம் இப்போது தங்கள் பெண்களுக்கு வேலை கேட்டு அவள் வீட்டுக்கு வருகிறார்கள். இரண்டு டன் பெட்டியைத் தூக்கி, பச்சைப் பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி வைப்பாள். அப்பேர்ப்பட்டவளைத்தான் ஒரு திங்கட்கிழமை காலையில், கேட்டில் இருந்த மெஷின் சிவப்பு விளக்குப் போட்டு நிறுத்தியது.

"இன்னா நைனா, மெஷினு கெட்டுப்போச்சா?" என்று சூப்பர்வைசர் பொன்னுரங்கத்தைக் கேட்டாள்.

"மெஷினு நல்லாத்தான் கீது. உனுக்குத்தான் வண்டி ஓட்டக் கூடாதுன்னு வந்துகீது. சுகவழி ஆப்புல இன்னான்னு பாரு."

அந்தச் சுகவழி வந்த கதை எல்லாருக்கும் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே பொன்னுரங்கம்தான் கேட்டில் நின்று, ஆளாளுக்குப் போனை வாங்கி ஆப்பை ஏற்றிவிட்டார். கண் பரிசோதனை இலவசம், நடந்தால் பாயின்ட் என்றார். முழுக்க முழுக்க இங்கிலீஷில் ஒரு பக்கம் வந்தது. அதில், உங்கள் மருத்துவக் காப்பீட்டு விவரம் முழுவதையும் இந்த ஆப்புக்கு எடுத்துக் கொடுக்கலாமா, ஆப் அதை வேலை கொடுப்பவருக்குக் காட்டலாமா என்று கேட்டிருந்தது. படித்தது யார்? "பச்சைய அமுக்கு, உள்ள போ" என்றார் பொன்னுரங்கம். நாற்பது பேர் அமுக்கினார்கள். சிலுவையம்மாளும் அமுக்கினாள்.

இப்போது ஆப்பைத் திறந்தால் அவள் பெயருக்கு நேரே ஒரு வரி. பக்கத்தில் நின்ற, கூட வேலை பார்க்கிற மங்கை அதை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னாள்: வலிப்பு நோய், ஆண்டுக்கு இரண்டு முறை.

"யாருக்கு?" என்றாள் சிலுவையம்மாள்.

"உனுக்குத்தான்க்கா."

இந்த நாற்பத்தொரு வயசில் ஒரு நாள்கூட மயங்கி விழுந்தவள் இல்லை. எவன் எழுதினான் இதை? கோபத்தில் கை நடுங்கியது. அதையும் பார்த்து எவனாவது எழுதி வைப்பானோ என்று கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள். வண்டிச் சாவியைப் பொன்னுரங்கம் வாங்கவில்லை. "நீயே வெச்சுக்கோ, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். கையில் ஒரு பேனாவைக் கொடுத்துப் பெட்டி எண்ண அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து சொன்னால், புருஷன் கஸ்பார் வலையை மடித்துக்கொண்டே சிரிக்கிறான். "இருவது வருசமா உன்னாண்ட குடித்தனம் பண்றேன். எனுக்குத் தெரியாம எப்பம்மே வலிப்பு வந்துச்சு?"

"சிரி, நல்லா சிரி! வண்டி போச்சுன்னா உன் போட்டுல ஏறி நானும் வலை இழுக்கறேன், அப்ப சிரி" என்று கத்தினாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, முன்பு டெங்குக் காய்ச்சலுக்குச் சேர்ந்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். காப்பீட்டில் படுத்தது அந்த ஒரு தடவைதான். கவுன்ட்டர் பெண் கோயம்புத்தூர்ப் பக்கத்தவள், மரியாதையான பெண். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களேதான் சொல்லியிருக்கீங்க அக்கா, ஃபிட்ஸ், அதாவது வலிப்புன்னு. போன வருஷம் ரெண்டு தடவைன்னும் சொல்லியிருக்கீங்க" என்றாள்.

சிலுவையம்மாளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அட மாதாவே!

அவள் அப்பா கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை பார்த்தவர். ரயில்வேக்காரர் வீட்டில் யாருக்கும் ஜுரம் வராது. ‘சிக்’கில், அதாவது நோய் லீவில் போவார்கள். உடம்பு தேறி, டாக்டர் கையெழுத்துப் போட்டு, வேலைக்குத் திரும்பினால் அது ஃபிட்டு. "அப்பா இன்னிக்கி ஃபிட்டு வாங்கிட்டாரு" என்றால் அன்றைக்கு வீட்டில் வஞ்சிரம் பொரியும். அந்தப் பேச்சு அவள் நாக்கிலேயே தங்கிவிட்டது. டெங்கு விட்டதும் அந்தக் கவுன்ட்டரில் வந்து நின்று, "ஃபிட்டுக்கு வந்தேன்மா" என்றாள். இதற்கு முன்னால் உண்டா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "போன வருசம் ரெண்டு வாட்டி ஆச்சு" என்றாள். கால் சுளுக்குக்கு ஒன்று, அம்மைக்கு ஒன்று. அந்தப் பெண் பாவம், கேட்டதை அப்படியே தட்டினாள். அது பில்லோடு காப்பீட்டுக் கம்பெனிக்குப் போனது, அங்கிருந்து ஆப்புக்குப் போனது, ஆப்பிலிருந்து கேட்டுக்கு வந்து சிவப்பாக நின்றது.

சரி, விஷயம் தெரிந்துவிட்டது, முடிந்தது என்றுதானே யாரும் நினைப்போம்? அதற்குப் பிறகுதான் பேஜாரே ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியில் தவறு என்று எழுதிக் கொடுக்க ஒன்பது நாள். காப்பீட்டுக் கம்பெனி திருத்த மூன்று வாரம். திருத்திவிட்டோம் என்று மெசேஜ் வந்த அன்று, அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வேலைக்குப் போனாள். கேட்டில் சிவப்பு.

காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டாள். "எங்க பக்கம் சரியா இருக்குங்க. நீங்க அனுமதி கொடுத்து வெளிய போன விவரம் எங்க கையில இல்லைங்க. ஆப்காரங்களைக் கேளுங்க."

ஆப்பைக் கேட்டால், "எங்களுக்கு வந்ததைத்தான் மேடம் வச்சிருக்கோம். புதுசும் வந்திருக்கு, பழசும் இருக்கு. எது சரின்னு டாக்டர் சொல்லணும்."

"நான் குடுத்த அனுமதிய நானே வாபஸ் வாங்கிக்கறேன், எல்லாத்தையும் அழி."

"வாங்கிக்கலாம் மேடம். இனிமே புதுசா எதுவும் வராது. வந்தது இருக்கும்."

என்ன அநியாயம் இது! ஒரு தடவை பச்சையை அமுக்கியதற்கு இத்தனை பாடா? இதற்குள் குடோனில், அவள் வந்தால் பேச்சு நின்றது. ஒருத்தன் அக்கறையாகச் சாவிக்கொத்து ஒன்றை அவள் கையில் திணித்தான். வலிப்பு வந்தால் இரும்பு பிடிக்க வேண்டுமாம். அதை அவன்மீதே விட்டெறிந்தாள். ஏழாம் நம்பரை, ஆபீசில் இருந்த இன்னொரு சாவியைப் போட்டு, அபின் என்ற புதுப் பையன் ஓட்டினான். பெட்டியைப் பொத்தென்று போட்டான். ஒவ்வொரு பொத்துக்கும் அவள் பேனா எண்ணை மாற்றி எழுதியது.

கடைசியில் மூளை டாக்டரிடம் போனாள். தலை முழுக்கப் பசை தடவி, ஒயர் ஒட்டி, அரை மணி நேரம் படுக்க வைத்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா, தாராளமா வண்டி ஓட்டுங்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முடியில் ஒட்டியிருந்த பசையோடு நேராகக் குடோனுக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம். பொன்னுரங்கத்துக்கு முன்னால் நின்றே ஆப்காரர்களுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"டாக்டர் லெட்டர் ஆப்ல ஏத்திட்டீங்களா மேடம்?"

"ஏத்திட்டேன்மா. நல்லா பாத்துக்கோ."

"பார்ம்ல ஒரு கேள்வி மட்டும் பாக்கி மேடம். எதுக்காக டாக்டரைப் பாத்தீங்க?"

இரண்டு மாதக் கஷ்டம் தீரப்போகிற சந்தோஷத்தில் வாயில் தானாக வந்தது. "ஃபிட்டுக்குத்தாம்மா."

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏ, எய்தாத! எய்தாதமா! நான் சொன்னது அது இல்ல—"

"பதிவாயிடுச்சு மேடம். இது மூணாவது முறை, சரிங்களா? மறுபரிசீலனைக்கு ஆறு மாசம் ஆகும். அழைத்ததற்கு நன்றி."

பொன்னுரங்கம் டிபன் பாக்ஸை மூடினார். பிறகு கையை நீட்டினார். சிலுவையம்மாள் பாக்கெட்டிலிருந்து ஏழாம் நம்பர் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"நைனா, மாதா சத்தியமா நான் ஃபிட்டா கீறேன்."

"கீற, சிலுவ. எனுக்குத் தெரியும்" என்றார் பொன்னுரங்கம். "அந்த வார்த்தைய மட்டும் இனிமே வெளிய சொல்லாத."