நடுவில் அடித்த சவரிராஜ்

ஆரணியில் சவரிராஜ் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப் பெயர் சொல்ல மாட்டார்கள். "நடுவுல அடிச்சானே, அந்தச் சவரியா?" என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கை காட்டுவார்கள். மனுஷன் நல்ல பட்டு நெசவாளி. வம்பு தும்புக்குப் போகாதவன். ஞாயிறு பூசைக்குத் தவறாதவன். எதுவும் எடுபடவில்லை. எழுபத்தெட்டில் அவன் உதைத்த ஒரே ஒரு பெனால்டிதான் அவன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அந்த வருஷம் கோட்டை மைதானத்தில் நடந்த போட்டியைப் பார்க்க மெட்ராஸிலிருந்து சம்பந்தம் என்று ஒருவர் வந்திருந்தார். ஏதோ ஒரு மில்லின் கால்பந்து அணிக்கு அவர்தான் மேனேஜர். நன்றாக ஆடுகிறவனுக்கு மில்லில் நிரந்தர வேலை, குடியிருக்க லைன் வீடு. இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் அவர் சவரிராஜைக் கூப்பிட்டு, "நாளைக்கு உன்னைத்தான் பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போதாதா? சவரிராஜுக்கும் சகாயமேரிக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்று சோற்றில் கை வைத்தபோதே இருவரும் மெட்ராஸில் குடித்தனம் வைத்துவிட்டார்கள். வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் இருக்கும் என்றாள் அவள். தறிக்குழியிலிருந்து காலை வெளியே எடுத்தால் போதும் என்றான் இவன்.

மறுநாள் எதிரே ஆடியது முள்ளிப்பட்டு. கடைசி நிமிஷம் வரை இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். சவரிராஜின் கேப்டன் இன்னாசிமுத்து பந்தோடு உள்ளே நுழைந்தபோது, முள்ளிப்பட்டு கோல்கீப்பர் ஜெயவேல் பாய்ந்து வந்து அவனை மோதித் தள்ளினான். பெனால்டி. மோதிய வேகத்தில் ஜெயவேலுக்குத் தோள்பட்டை நழுவிவிட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வேறு கீப்பர் கிடையாது. முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த துரைக்கண்ணு என்பவன் ஜெயவேலின் சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்றான். அவனும் நெசவாளிதான். முள்ளிப்பட்டில் வீட்டுத் தறி.

பெனால்டி விஷயத்தில் சவரிராஜுக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. கீப்பர் என்பவன் பந்துக்குப் பயப்படுவதில்லை, ஊருக்குத்தான் பயப்படுவான். ஒரு பக்கம் பாய்ந்து விழுந்து கோல் போனால், பாவம், உயிரைக் கொடுத்துப் பாய்ந்தான் என்பார்கள். பாயாமல் நின்று கோல் போனால், மரக்கட்டை மாதிரி நின்றான் என்று காறித் துப்புவார்கள். ஆகையால் எந்தக் கீப்பரும் ஏதாவது ஒரு பக்கம் பாய்ந்தே தீருவான். அவன் பாய்ந்தால் நடு காலி. நடுவில் அடி. இதைத் தறியில் உட்கார்ந்தே யோசித்துக் கண்டுபிடித்தவன் சவரிராஜ். அதுவரைக்கும் அது பொய்த்ததும் இல்லை.

"சவரி, வேணாம்பா, ஓரமா அடி" என்றான் இன்னாசிமுத்து.

"நீ சும்மா இரு. அவன் புதுசு. பழைய கீப்பர விட ஜல்தியா வுழுவான்."

சொல்லிவிட்டு ஓடி வந்து நடுவில் அடித்தான். நல்ல அடி. துரைக்கண்ணு நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றிருந்தான். பந்து அவன் மார்பில் பட்டுத் திரும்பியது, அதை முள்ளிப்பட்டுக்காரன் ஒருவன் நீளமாக உதைத்துவிட, சவரிராஜ் பக்கத்தில் கோல் விழுந்தது. விசிலும் அடித்தாகிவிட்டது.

இதோடு போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சம்பந்தம் நேராகப் போய்த் துரைக்கண்ணுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உதைக்கிற வரைக்கும் அசையாம நிக்கிறவன் லட்சத்தில் ஒருத்தன்" என்றார். வேலை அவனுக்குப் போனது. லைன் வீடும் அவனுக்கே போனது. தண்ணீர்க் குழாயும் சேர்த்துத்தான்.

அதற்குப் பிறகு சவரிராஜ் பட்டபாட்டை நாய்கூடப் படாது. டீக்கடையில் உட்கார்ந்தால் அரிசி மில் டிரைவர் டம்ளரை நடுவில் வைத்து, இரண்டு பன்னைக் கம்பமாக நிறுத்தி, எங்கே அடித்திருக்க வேண்டும் என்று பாடம் எடுப்பான். முடிவெட்டுகிறவர் கத்திரியோடு விளக்குவார். பந்தை வாழ்நாளில் தொடாதவனெல்லாம் ஓரத்தின் மகிமையைப் பேசுவான். கோவிலில் சாமியார் அவசரக்காரர்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தால்கூட நாலு தலை இவன் பக்கம் திரும்பும். எரிச்சலாக இருக்காதா?

அவர்களுக்கு அவன் சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான். "என் கணக்குல தப்பு கெடையாது. அவன் என் மனசப் படிச்சிட்டான்." அப்படித்தான் நம்பினான். தன் கண் காட்டிக்கொடுத்ததா, ஓடிவந்த விதம் காட்டிக்கொடுத்ததா என்று தறி தட்டத் தட்ட யோசித்தான். வீட்டில் சகாயமேரி ராட்டினத்தில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். அவளிடம் அன்றைய பெனால்டியை வரி விடாமல் ஒப்பிப்பான், தன் சித்தாந்தத்தை விளக்குவான், சம்பந்தத்தைத் திட்டுவான். அவள் தலையாட்டிக்கொண்டே நூல் சுற்றுவாள்.

எண்பத்து நாலு ஆடி மாசம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் துரைக்கண்ணு எதிர்ப்பட்டான். பேண்ட், கையில் கடிகாரம், லேசாகத் தொப்பை. பெண்சாதி ஆதிலட்சுமி இடுப்பில் குழந்தை. படவேட்டில் ரேணுகாம்பாளுக்கு மொட்டை போடப் போகிறார்களாம். படவேட்டு பஸ் எப்போது வரும் என்று அந்த அம்மனுக்குத்தான் தெரியும். நிற்கிற நேரத்தில் சவரிராஜ் கேட்டேவிட்டான்.

"துரை, ஆறு வருஷமா மண்டைய ஒடச்சிகினு கீறேன். நான் நடுவுலதான் அடிப்பேன்னு ஒனக்கு எப்படிபா தெரிஞ்சிது?"

துரைக்கண்ணு சிரித்தான். "எனக்கு இன்னா தெரியும்? ஒண்ணும் தெரியாது. அப்போ தறியில முகூர்த்தச் சேல பாதியில இருந்திச்சி. அந்தச் சரளையில வுழுந்து உள்ளங்கை சிராய்ச்சிதுன்னா பட்டத் தொட முடியுமா? இழை இழையா மாட்டிகினு இழுக்காது? சேலையே பாழு. பந்து எங்கியாவது போவட்டும், நான் வுழறதா இல்லன்னு நின்னேன். நீ வந்து என் மேலயே அடிச்ச."

சவரிராஜ் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"மேனேஜர் கேட்டப்போ மட்டும், 'அவன் கண்ணப் பாத்தேன் சார்'னு சொல்லி வெச்சேன்" என்றான் துரைக்கண்ணு. "அப்பறம் மில்லுல வுழுந்து வுழுந்து கை காப்பு காச்சிப் போச்சி. இப்ப முட்டியும் போச்சி, ஸ்டோர்ல ஒக்கார வெச்சிட்டாங்க. இனிமே எனக்கு எதுக்கு பட்டு?"

பஸ் வந்தது. கூட்டம் முட்டி மோதியது. வயிற்றெரிச்சலோடுதான் சவரிராஜ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு அவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். அது அவன் சுபாவம், என்ன செய்ய?

வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான். பட்டு நெய்கிறவனைக் கோலில் நிறுத்துவதில்லை என்பது ஆரணியில் எல்லா அணிக்கும் தெரிந்த வழக்கம். இவன் அணியிலேயே கீப்பர் ஒரு வாத்தியார்தான். தறியில் சேலை இருக்கும்போது இவனே கீழே விழாமல் நாசூக்காகத்தான் ஆடுவான். உலகத்துக் கீப்பர்களின் மனசையெல்லாம் அலசியவன், தன்னைப் போன்ற ஒரு தறிக்காரன் எதிரே நிற்கிறான் என்பதை மட்டும் கோட்டை விட்டுவிட்டான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சகாயமேரியிடம் கொட்டித் தீர்த்தான். அவள் ராட்டினத்தை நிறுத்தவில்லை.

"தறிக்காரன் எவன் வுழுவான்? அன்னிக்கே எனக்குத் தெரியுமே" என்றாள்.

"தெரியுமா? அப்ப ஆறு வருஷமா ஏன்டி சொல்லல?"

ராட்டினம் நின்றது.

"ஆறு வருஷமா நீதான சொல்லிகினு இருந்த. என்ன எப்போ கேட்ட? மெட்ராஸு போவணும்னு ஒனக்கு மட்டுந்தான் ஆசைன்னு நெனச்சியா? முள்ளிப்பட்டாளுங்க கீப்பரத் தவுர எல்லாம் தறிக்காரங்கன்னு மொத நாளே பேசிகினு இருந்தமே, அப்ப ஒரு வார்த்த கேட்டிருந்தா, அந்தக் கீப்பரு மாறினா ஓரமா அடின்னு நானே சொல்லியிருப்பேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெனால்டிக்காக அவள் அழுது சவரிராஜ் பார்த்தது அன்றைக்குத்தான்.