நிக்கலுக்குள் ஒரு தேயிலைச் சரிவு

என் கணவருக்குப் பெங்களூரில் ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில் வேலை. நிக்கல் கலந்த உலோகக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சி, பெரிய சுத்தியல் மெஷினில் அடிப்பார்கள். நான் குன்னூர் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். போனில் அவர் அதிகம் பேசமாட்டார். நானும் கேட்டு வாங்கமாட்டேன். அந்தப் பொங்கலுக்கும் லீவு இல்லை என்றபோது, வீட்டு நினைப்பே அவருக்கு விட்டுப்போய்விட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அனுப்பினார். பார்த்ததும் போன் செய்தேன்.

"ஏனுங்க, இது நம்ம ஊட்டுக்கு மேல இருக்கற சரிவுதானுங்களே? பழைய செடியச் சுத்திப் புதுக்கன்னு தெரியுது. இவ்வளவு தூரம் வந்து படம் எடுத்துட்டு, ஊட்டுக்கு வராமப் போயிட்டீங்களா?"

அவர் சிரித்தார். "அட, அது நாங்க அடிச்ச கட்டியோட உள்பக்கம், புள்ள. அறுத்து மைக்ராஸ்கோப்புல பார்த்தாங்க. சூடு சரியா இருக்கறப்ப அடிச்சா, உள்ள அரிசி மாதிரி இருக்கற உலோக மணியெல்லாம் புதுசா, பொடிசா, ஒரே அளவா வரும். இது அடிக்கறதுக்குள்ள ஆறிப்போச்சு. பழைய பெரிய மணி அப்படியே நின்னு, சுத்தி மட்டும் சின்னது மொளச்சிருக்கு. ஆகாதுன்னு ஒதுக்கிட்டாங்க."

"ஆகாததை எனக்கு எதுக்குங்க அனுப்புனீங்க?"

"பார்த்ததும் எனக்கும் நம்ம சரிவாத்தான் தெரிஞ்சுது" என்றார்.

அந்தப் பொங்கலுக்கு அவர் வரவில்லை. இன்றும் அந்தச் சரிவில் பறிக்கும்போது நிமிர்ந்தால், அந்த மைக்ராஸ்கோப்பு வழியாக மேலிருந்து அவர் பார்ப்பதுபோல் இருக்கிறது. சேலையைச் சரிசெய்துகொள்கிறேன்.