கீழே போடாத பெயர்

எனக்கு முன்கோபம் அதிகம். அதனால் கெட்டது எத்தனையோ உண்டு. இது ஒன்றைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

திருப்பதியில் இன்ஜினியரிங் படித்தபோது எங்கள் ஹாஸ்டல் அறையில் இருவர் மட்டும் தமிழ். நான் புத்தூர்ப் பக்கம், அவன் குடிபாலா. அவன் நைனா என்று கூப்பிடும் அப்பா, அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் கூலிக்குப் போனவர். மற்ற பையன்கள் எங்களை, தமிழுக்குத் தெலுங்கில் சொல்லும் 'அரவம்' என்ற பெயரால் கேலி செய்வார்கள். அவர்களைத் தெலுங்கிலேயே திட்டிவிட்டு, அலிபிரி வரை நடந்து போய் டீ குடித்தபடி கெர்னலைப் பற்றிப் பேசுவோம். கம்ப்யூட்டரில் மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் ஓடுகிற நிரல் அது. ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் கிடைத்தது.

ஊரே அமெரிக்க விசாவுக்கு வரிசையில் நின்ற காலம். நான் போய்விட்டேன். நைனாவை விட்டு வரமாட்டேன் என்று அவன் சித்தூரிலேயே ஒரு காலேஜில் வாத்தியாரானான். ஞாயிறு தோறும் போனில் பேசிக்கொள்வோம்.

பல வருடம் கழித்து அதே கெர்னலில் நான் ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். ஒரு நிரல் இணையத்தில் பேச வேண்டுமென்றால், இணைத்துவிடு, வருகிற அழைப்பை ஏற்றுக்கொள் என்று கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கையை வாங்குவதும் வேலையைச் செய்வதும் ஒரே இடத்தில் பின்னிக் கிடந்தன. கெர்னலின் இன்னொரு பகுதிக்கு அதே வேலை தேவைப்பட்டால், அது வெளியாள் மாதிரி வேஷம் போட வேண்டியிருந்தது. நான் வாங்குவதைத் தனியாகவும் செய்வதைத் தனியாகவும் பிரித்தேன்.

பிரித்ததை எல்லோரும் படிக்கும் மெயில் குழுவுக்கு அனுப்பினேன். முதல் பதில் அவனிடமிருந்து வந்தது. அழைப்பை ஏற்கும் இடத்தில் முதலில் ஓர் எண்ணை ஒதுக்குகிறாய், அழைப்பு தோற்றுப்போனால் அதைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்று எழுதியிருந்தான். சரியாகத்தான் பிடித்திருந்தான். எங்கள் தொழிலில் குற்றம் குறையைப் பொதுவில்தான் சொல்வார்கள். தெரிந்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்க்காரன், போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். அந்த ஞாயிறு அவனைக் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை.

பிழையைத் திருத்தி மறுபடி அனுப்பினேன். பிழை பிடித்துத் தந்தவரின் பெயரை மாற்றத்தின் கீழே ஒரு வரியில் போடுவது வழக்கம். சட்டமில்லை, மரியாதை. அந்த வரியை நான் போடவில்லை.

அவனிடமிருந்து சத்தமே இல்லை. யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்வோம். உம்மென்று இருக்கிறான், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாற்றம் கெர்னலில் சேர்ந்தது. அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அப்போது அவன் திருப்பதியில் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான். மூளைக்காய்ச்சல். கூடப் படித்த ஒருவர் சொல்லித்தான் சாவே எனக்குத் தெரிந்தது. நான் சித்தூர் போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிந்துவிட்டது.

அவன் மனைவி காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"போனை தலைகாணி கிட்டயே வச்சிகினு இருந்தாருண்ணா. நான் பண்றேன்னா வேணான்னுட்டாரு. கோவமா கீறான், அவனே பண்ணுவான்னாரு."

நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அந்த மாற்றத்தில் என் பேரையும் போட்டிருப்பான், புள்ளைக்குக் காட்டு என்று அவன் அவரிடம் சொல்லியிருந்தானாம். எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மாற்றத்தைத் தேடி எடுத்தேன். என் பெயர் இருந்தது. மாற்றத்தைச் சேர்த்தவர் பெயர் இருந்தது. வேறொன்றும் இல்லை. மறக்கவில்லை, கோபத்தில் விட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"இப்போ சேக்க முடியாதா?"

சேர்ந்த பிறகு அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டார்கள், உலகம் முழுக்க அதன் பிரதிகள் போய்விட்டன என்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"புள்ள வந்து கேக்கும். இருக்குதுன்னு சொல்லுங்க. அதுக்கு இன்னும் படிக்கத் தெரியாது."

ஸ்கூல் ஆட்டோ வந்து நின்றது. குழந்தை பையோடு ஓடிவந்து அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டு, எங்க நைனா பேரு எது என்று கேட்டது. நான் என் பெயரின் மேல் விரலை வைத்தேன்.