எழும்பூரில் போட்ட சீட்

போன செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷனில் நான் ரயில் ஏறினேன். அதே ரயிலிலிருந்து, அதே நிமிஷத்தில், என் சூட்கேஸ் இறங்கிப் போய்விட்டது.

அதெப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

குரோம்பேட்டையில் ஒரு சின்ன ரப்பர் பட்டறைக்கு நான் விற்பனை பார்க்கிறேன் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். பம்புகளில் தண்ணீர் கசியாமல் அடைக்கிற வளையங்கள்தான் எங்கள் சரக்கு. பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு மாதமாக ஆர்டர் இல்லை. திங்கட்கிழமை ஒரு தந்தி வந்தது – திருச்சிப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியிலிருந்து. மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் சாம்பிளோடு வந்தால் டெஸ்ட் செய்து பார்க்கிறார்களாம். இதுவும் தவறினால் பட்டறையை மூடிவிட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஒரே நாளில் ரிசர்வேஷனுக்கு எங்கே போவது?

தாம்பரத்துக்காரர்களிடம் இதற்கு ஒரு வழி உண்டு. எக்ஸ்பிரஸில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டி எழும்பூரிலேயே நிரம்பிவிடும். தாம்பரத்தில் ஏறுகிறவனுக்கு ஒற்றைக்காலில் நிற்கத்தான் இடம். அதனால் ஒருத்தர் விடியற்காலை மின்சார ரயிலில் எழும்பூர் போய், எக்ஸ்பிரஸில் இடம் பிடித்து உட்கார்ந்து வருவார். தாம்பரத்தில் அவர் இறங்க, பயணம் போகிறவர் அந்த இடத்தில் உட்காருவார். ஒவ்வொரு வீட்டிலும் இதற்கென்றே ஒரு மச்சான் இருப்பார். எங்கள் பட்டறையில் ஏழுமலை.

ஏழுமலைக்கு நாற்பத்தைந்து வயது. மோல்டிங் மெஷினில் நிற்பவர். சாம்பிள் வளையங்களைச் செய்தது, சூட்கேஸில் அடுக்கியது, மேலே கம்பெனி முகவரி எழுதிய அட்டையைக் கட்டியது, எல்லாம் அவர்தான். கூட்டத்தில் நான் அதைத் தூக்கிக்கொண்டு அல்லாட வேண்டாம் என்று எழும்பூருக்கும் அவரே கொண்டுபோனார்.

வண்டி வந்தது. ஏழுமலை ஜன்னலில் கையாட்டினார். நான் முண்டியடித்து ஏறினேன். அவர் முண்டியடித்து இறங்கினார். வழியில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டபோது, “பொட்டி மேல கீது சார்” என்றார்.

நான் சீட்டை அடைவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. மேலே பார்த்தேன். காலி!

எதிர் சீட்டில் விருத்தாசலம் போகிற ஒரு மளிகைக்கடைக்காரர். முகமெல்லாம் சிரிப்பு.

“இங்க உக்காந்திருந்தவரு பெட்டியை மறந்துட்டு எறங்கிட்டாரு சார். நல்லவேளை, நான் பார்த்தேன். இந்தக் கம்பியில்லாத ஜன்னல் வழியா ஒரு மீன்காரம்மாகிட்ட குடுத்து, அவருகிட்ட சேத்துடச் சொன்னேன்.”

அவருக்கு அப்படி ஒரு திருப்தி. என்னிடமும் ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்தார். என்ன செய்வது… “தேங்க்ஸ்” என்றேன்.

அபாயச் சங்கிலியை இழுத்திருக்கலாமே என்பீர்கள். எனக்கும் தோன்றியது – வண்டலூர் தாண்டிய பிறகு.

அப்புறம் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், கதவு வரை போனேன், திரும்பினேன். அத்தனை பாடுபட்டுப் பிடித்த சீட்டில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடிந்ததா? ஊரப்பாக்கம் போயிற்று. காட்டாங்குளத்தூர் போயிற்று. செங்கல்பட்டில் ஒரு காலைப் பிளாட்பாரத்தில் வைத்தேன். திரும்பிப் போனால் சூட்கேஸ் கிடைக்கலாம், ஐந்து மணிக்குத் திருச்சி போய்ச் சேர முடியாது. மீண்டும் ஏறிக்கொண்டேன்.

விழுப்புரத்தில் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே ஒரே ஒரு ஸ்டேஷன். ஏழுமலை எப்போதோ பட்டறைக்குப் போயிருக்க வேண்டும். இன்னும் வரவில்லையே என்றார் முதலாளி. சூட்கேஸ் விஷயத்தை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொருளைத் தொலைத்தவனுக்கு உடனடியாகத் தேவைப்படுவது என்ன தெரியுமா? திட்டுவதற்கு ஓர் ஆள். மளிகைக்கடைக்காரரைத் திட்ட முடியாது, எதிரிலேயே இருக்கிறார். அதோடு, எனக்குப் பாதி முறுக்கு வேறு கொடுத்திருந்தார். எனவே ஏழுமலையைத் திட்டினேன், மனசுக்குள். பொறுப்பிருக்கிறதா? எந்த டீக்கடையில் உட்கார்ந்து கதையளக்கிறாரோ? பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினால் என்ன? விழுப்புரத்தில் ஆரம்பித்தது, திருச்சி ஜங்ஷன் வரை ஓயவில்லை.

கம்பெனியில் அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். சாம்பிள் இல்லாமல் எதை டெஸ்ட் செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஐந்து மணி வரை பார்க்கலாம் என்றார். எதை நம்பி நான் தலையாட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கேட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடந்தேன். வாட்ச்மேன் ஸ்டூல் போட்டார். அதிலும் உட்காரவில்லை.

நாலரை மணிக்கு ஒரு டவுன் பஸ் நின்றது. தோளில் என் சூட்கேஸோடு ஏழுமலை இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மீன்காரம்மா மேம்பாலப் படி வரை துரத்திவந்து பெட்டியைக் கொடுத்திருக்கிறார். திரும்பிப் பார்த்தால் ரயில் இல்லை. ஏழுமலை ஸ்டேஷனை ஒட்டிய ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஓடி, தெற்கே போகிற முதல் பஸ்ஸில் தொற்றிக்கொண்டிருக்கிறார். விழுப்புரம் வரை நின்றுகொண்டே பயணம். அங்கே பஸ் மாறி, திருச்சியில் மறுபடியும் மாறி… காலையிலிருந்து ஒரு டீதான் குடித்திருந்தார்.

பட்டறைக்கு ஒரு போன் செய்திருக்கக் கூடாதா என்றேன்.

“போனுக்கு நின்னா பஸ்ஸு பூடும் சார். செங்கல்பட்டுக்கு அந்தாண்ட நான் போனதே இல்ல. அட்டைய காட்டிக் காட்டி கேட்டுகினு வந்தேன்.”

நான் திட்டியது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே! அவமானமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் சூட்கேஸை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

வளையங்களை மாட்டி, பிரஷரை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை. இதைச் செய்தது யார் என்று அதிகாரி கேட்டார். வாசலில் நிற்கிறார் என்றேன். உள்ளே கூப்பிடச் சொல்லிக் கை கொடுத்தார். ஆர்டர் உண்டு என்று அவரிடமே சொன்னார். ஏழுமலை உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை திருச்சி ஜங்ஷனில் வண்டி நிற்பதற்கு முன்பே நான் பாய்ந்து ஏறினேன். ஜன்னலோரமாகக் கர்ச்சீப்பைப் போட்டு, ஏழுமலையைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். பக்கத்து சீட் எனக்குக் கிடைக்கவில்லை. நீங்க உட்காருங்க சார் என்று எழுந்திருக்கப் பார்த்தார். விடவில்லை. தாம்பரம் வரை தூங்கிக்கொண்டே வந்தார்; நான் நின்றுகொண்டே வந்தேன்.

சூட்கேஸா? என் கையிலேயே இருந்தது!