ஃபெர்மினாவின் காளான் சரிவு

பெனாசோலாவில் கறிக்கடை வைத்திருக்கும் ஃபெர்மினாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினெட்டு வயதில் அப்பாவின் கத்தியைக் கையில் எடுத்தவள், எடையில் ஒருநாளும் யாரையும் ஏமாற்றியதில்லை. பொய் சொல்வது அக்டோபரில் மட்டும்தான். மழை விழுந்து பைன் மரங்களின் அடியில் ருசியும் விலையும் மிகுந்த ஆரஞ்சு நிறக் காளான் தலைநீட்டிவிட்டால் அந்த மலையூரே பொய் சொல்லும். வடக்குச் சரிவில் காரை நிறுத்திவிட்டுத் தெற்குச் சரிவுக்கு நடப்பார்கள். பாவமன்னிப்புக் கூண்டில் கள்ளக்காதலைக்கூட ஒப்புக்கொள்வார்கள். காளான் முளைக்கும் இடத்தைப் பற்றி மட்டும் மூச்சுவிட மாட்டார்கள். பாதிரியார் அதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று ஊரில் பேச்சு.

ஃபெர்மினாவின் இடம் அவள் புருஷன் எலாதியோவுக்கே தெரியாது. அவன் தங்கை ஒப்துலியா பதினேழு வருடமாக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை, கூடை நிரம்பிய நேரத்தில், ஃபெர்மினா ஈரப்பாறையில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. போனை எடுத்தாள்.

"கால் ஒடிஞ்சுபோச்சு. ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வா."

"ஐயோ! எங்கடி இருக்கே?" என்றான் எலாதியோ.

பின்னாலிருந்து ஒப்துலியாவின் குரல் வந்தது. "எந்த இடம்னு சரியா கேளுண்ணா! சரியா கேளு!"

ஃபெர்மினா பல்லைக் கடித்தாள். "பழைய கல்குவாரியில."

குவாரி அங்கிருந்து அரை கிலோமீட்டர். அவர்கள் வருவதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கூடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். புனிதர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினாள். பெயர்கள் தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மேலே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிட்டன.

"போங்கடா, இன்னைக்குக் கடை லீவு!" என்று கத்தினாள்.

அவள் குவாரி விளிம்பை எட்டியதும் முதலில் வந்து நின்றவள் ஒப்துலியா. எலாதியோவும் இரண்டு காவலர்களும் கீழே மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒப்துலியா அண்ணியின் காலைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தாள். உதிர்ந்த பைன் சருகில் ஏர் உழுதாற்போல ஒரு தடம், நேராகக் கிழக்குச் சரிவுக்குப் போயிற்று.

"ரொம்ப தூரம் உழுதுட்டு வந்திருக்கீங்க போல அண்ணி."

"வாயை மூடுடி."

"மூடறேன். ஆனா திங்கள், புதன், வெள்ளி அந்த இடம் எனக்கு."

"பிசாசே! திங்களும் புதனும் மட்டும்."

"வெள்ளியும் வேணும். இல்லேன்னா இங்கேருந்தே கத்துவேன்."

காவலர்களின் பூட்ஸ் சத்தம் நெருங்கியது.

"எடுத்துத் தொலை!"

ஒப்துலியா ஒரு பைன் கிளையை ஒடித்து, அவர்கள் தலை தெரிவதற்குள் கண்ணுக்கெட்டிய மட்டும் தடத்தைப் பெருக்கி அழித்தாள். அவள் தன் வீட்டை அத்தனை சுத்தமாகப் பெருக்கி யாரும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாவுக்கட்டு போட்டார். "ஆறு வாரத்துக்கு மலைப்பக்கமே போகக் கூடாது."

காளான் அத்தனை நாள் காத்திருக்காது. ஃபெர்மினா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். ஒப்துலியா முகத்தில் அப்படியொரு பாசம்.

"கவலைப்படாதீங்க அண்ணி. செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறையும் நானே பாத்துக்கறேன்."

ஃபெர்மினா உடனே ஓர் ஊன்றுகோல் கேட்டாள். நடப்பதற்குத்தான் கேட்கிறாள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.