முதலில் திறந்த கைப்பை

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டியதை நான் எழுத உட்கார்ந்ததற்காக முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் மணி அடிப்பதும், சுற்றறிக்கைகளை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் காட்டுவதும்தான் என் வேலை. நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். ஆனால் அலுவலக அறையில் என் மேசை இழுப்பறைக்குள் ஒரு சின்னக் கத்தி கிடக்கிறது. மஞ்சள் பிளாஸ்டிக் பிடி, விரல் நீளத்துக்கு மெல்லிய தகடு. கொய்யாப்பழத்தை நறுக்கும், கொஞ்சம் கெட்டியான மாங்காய் என்றால் வளைந்துவிடும். ரப்பர் ஸ்டாம்பை எடுக்க இழுப்பறையை இழுக்கும்போதெல்லாம் அது உருண்டு முன்னால் வருகிறது. எங்கள் பழைய தலைமையாசிரியை அம்மாவுடையது அது. அதை வைத்திருக்கிற ஆள் நான் என்பதால், அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியவனும் நான்தானோ என்று சில நாட்களாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது.

தெற்கே ஓர் ஊரில் ஒரு மாணவன் இன்னொரு மாணவனை வகுப்பறையிலேயே வெட்டிவிட்டான் என்ற செய்தி வந்த சமயம். அதைத் தொடர்ந்து மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தினமும் காலையில் வாசலிலேயே பைகளைச் சோதிக்க வேண்டும், கையில் கலர் கயிறு கட்டி வரக் கூடாது, கூர்மையான பொருள் எதுவும் உள்ளே போகக் கூடாது, ஆயுதம் ஏதும் கிடைத்தால் உடனே காவல் நிலையத்துக்கும் கல்வி அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஆசிரியர்கள் கூட்டத்தில் தலைமையாசிரியை அம்மா அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உத்தரவு தப்புன்னு நான் சொல்லலீங்க. அங்க செத்தது ஒரு புள்ள. ஆனா பையத் துழாவுற கை இருக்கே, அது கொஞ்ச நாள்ல எல்லாப் புள்ளையையும் திருடனாப் பாக்க ஆரம்பிச்சுடும். அதான் எனக்கு யோசனையா இருக்கு" என்றார். அப்புறம் இரண்டு விஷயங்கள் முடிவு செய்தார். பையில் நம் கை படக் கூடாது. பிள்ளைகளே திறந்து, எடுத்துக் காட்ட வேண்டும். தினமும் முதலில் திறக்கிற பை அவருடையதாக இருக்க வேண்டும்.

முதல் நாள் வாசலில் மேசை போட்டு, பறிமுதல் பொருட்களுக்காக ஒரு நீல பிளாஸ்டிக் பேசினையும் வைத்தேன். அம்மா டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மேசைக்கு வந்து, தன் கைப்பையை எல்லார் முன்னாலும் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், சர்க்கரை மாத்திரை, ஒரு கொய்யாப்பழம், கைக்குட்டை, கூடவே இந்த மஞ்சள் பிடிக் கத்தி. வரிசையில் நின்ற பிள்ளைகள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பின்னாலிருந்து, "மேடம், ஸ்டேஷனுக்கு நீங்களே போயிடுவீங்களா, நாங்க கூட வரணுமா?" என்று கேட்டான். "நீ வா. வரும்போது டிபன் எடுத்துக்க. உள்ள சாப்பாடு நல்லா இருக்காதாம்" என்றார் அம்மா. கத்தியை பேசினுக்குள் போட்டுவிட்டு என்னிடம், "நான் ரிடையர் ஆகறப்ப மறக்காம திருப்பிக் குடுங்க" என்றார். அன்றிலிருந்து கொய்யாவைக் கடித்தேதான் சாப்பிட்டார்.

அந்தப் பையனின் அப்பா, காவிரிக் கரையில் அம்மா மண்டபத்துப் படித்துறைப் பக்கம் தள்ளுவண்டியில் அன்னாசியும் தர்பூசணியும் நறுக்கி விற்பவர். பையன் வாயாடி, ஆனால் கணக்கில் கெட்டி. காலாண்டு விடுமுறைக்கு முன்பு டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓர இடத்துக்காக இரண்டு கோஷ்டிக்குள் தகராறு வந்து, சட்டை கிழிந்து, அம்மா இரண்டு பக்கத்தாரையும் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பியிருந்தார். அதில் இவனும் இருந்தான். நடந்தது அவ்வளவுதான். ஆனாலும் எங்கோ அது ஒரு தகவலாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கக் கல்வித் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். உடன் ஒரு ஏட்டையாவும் வந்திருந்தார்.

ஆயுத பூஜை முடிந்து நாலைந்து நாளில் பள்ளி திறந்திருந்தது. பல பைகளில் சந்தனம் ஒட்டியிருந்தது. ஒன்றிரண்டில் பொரியும் இறைந்து கிடந்தது. அம்மா வழக்கம்போலத் தன் பையைத் திறந்து காட்டினார். அதிகாரி அதைப் பார்த்து லேசாகச் சிரித்தார். இந்தப் பையன் முறை வந்தபோது, பைக்குள்ளிருந்து மஞ்சள் துணியில் கட்டிய ஒரு மூட்டையை இரண்டு கையாலும் எடுத்து, மேசையில் வைக்காமல் அம்மாவிடமே நீட்டினான். "மேடம், இத நீங்க பிரிச்சுக் குடுங்க. பூஜைல வச்ச புக்கு. விஜயதசமி அன்னைக்குத் திருவெறும்பூர்ல பெரியப்பா செத்துட்டாங்க. வீட்ல தீட்டு. நாங்க முடிச்ச அவுக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. டீச்சர் கையால பிரிச்சா நல்லதுன்னாங்க" என்றான். அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு மரியாதையை அவருக்கு யாரும் செய்திருக்க மாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு முடிச்சை அவிழ்த்தார். கணக்குப் புத்தகம், அறிவியல் புத்தகம், இரண்டுக்கும் நடுவில் புத்தக நீளத்துக்கு ஒரு பழக்கத்தி. தகட்டில் மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும்.

"ஐயோ, அப்பா கத்தி" என்றான் பையன். பயந்த குரல் இல்லை அது. வீட்டில் எடுத்து வைக்க மறந்துவிட்டோமே என்கிற குரல்.

அவர்கள் வீட்டில் வருஷா வருஷம் அதுதான் வழக்கம். சோறு போடும் கத்தியையும் படிப்புக் கொடுக்கும் புத்தகத்தையும் ஒரே துணியில் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். மறுநாள் அப்பாவே பிரித்துக் கத்தியைத் தான் எடுத்துக்கொண்டு புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுப்பார். இந்த வருஷம் சாவு குறுக்கே வந்துவிட்டது. பழைய கத்தியை வைத்து வியாபாரம் ஓடியதால் உள்ளே ஒன்று இருப்பதையே யாரும் நினைக்கவில்லை. இதையெல்லாம் பையன் சொன்னான். அம்மா திரும்பச் சொன்னார். "சார், பொட்டு வச்சிருக்கு பாருங்க. குத்துறதுக்குக் கொண்டு வர்றவன் கத்திக்குப் பொட்டு வைப்பானா?" என்று கேட்டார். ஏட்டையா நிதானமாகப் பதில் சொன்னார். "பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் வெட்டிட்டுத்தாம்மா கெளம்பறானுங்க. நாங்க பாக்காததா?" அதிகாரி பஸ் தகராறைப் பற்றி விசாரித்தார். அம்மாவால் பொய் சொல்ல முடியவில்லை. அதிகாரி கெட்டவர் அல்ல. "நான் இங்க இல்லாம இருந்திருந்தா உங்க இஷ்டம், மேடம். இப்ப நான் பாத்துட்டேன். நாளைக்கு எங்கயாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். அம்மா புத்தகங்களை மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

பையனை ஏட்டையா வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். டிபன் பாக்ஸ் மேசையிலேயே இருந்தது. அம்மா அதைத் தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் பின்னாலேயே போனார். ஸ்டேஷனில் அவன் அப்பா அன்னாசிச் சாறு காய்ந்த சட்டையோடு நின்றிருந்தார். "ரெண்டையும் ஒண்ணா வச்சது தப்புங்களாம்மா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். சாயங்காலம் எழுதி வாங்கிக்கொண்டு பையனை விட்டுவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. எல்லாம் முடிந்ததென்று நாங்கள் நினைத்தோம். ஆனால் யாரோ எடுத்த படம் அதற்குள் எல்லார் செல்போனுக்கும் போய்விட்டிருந்தது. கத்திக்குப் பூஜை போட்டுப் பள்ளிக்கு வந்த மாணவன் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. அதில் முகம் தெரியவில்லை. மஞ்சள் துணியும், குங்குமம் வைத்த தகடும், முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கும் அம்மாவின் வளையல் போட்ட கையும்தான் தெரிந்தன.

பையன் அதற்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. மற்ற பெற்றோர்கள் இரண்டு மூன்று பேராக வந்து, அவன் வராமல் இருந்தால் நல்லது என்று அம்மாவிடம் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா பலமுறை அவன் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போவேன். அவன் அம்மா காபி கொடுப்பார், நாற்காலி போடுவார், ஆனால் பையன் உள் அறையிலிருந்து வெளியே வர மாட்டான். கடைசியாகப் போனபோது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "மேடம், நான் வந்தா தினம் எல்லாரும் என் பையையே பாப்பாங்க" என்றது குரல். திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. அம்மா ஜன்னல் வழியாக மணலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னை நம்பித்தான குடுத்தான். என் கையாலதான அவுத்தேன்" என்றார்.

ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், பேசினார்கள். கத்தியைக் கொடுக்க நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை. நீட்ட எனக்குக் கை வரவில்லை. மகன் வீட்டோடு இருக்கப் போனவர், சென்ற ஆடி மாதம் அங்கேயே காலமாகிவிட்டதாகத் தகவல் வந்தது. பையன் இப்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தனியாகப் பழ வண்டி போட்டிருக்கிறான். கை வேகம் அப்படியே அப்பாவுடையது. என்னைப் பார்த்தால் இரண்டு துண்டு கூடுதலாக வைத்துக் கொடுப்பான், பேச மாட்டான். பள்ளி வாசலில் இப்போது கையில் பிடித்துத் தடவும் கருவி வந்துவிட்டது. டிபன் பாக்ஸுக்கெல்லாம் கத்துகிறது. புதிய தலைமையாசிரியர் காரில் வருகிறார். கார் பின் வாசல் வழியாக உள்ளே போகிறது. நல்லவர்தான். எங்கள் பள்ளியில் இதுவரை யாரும் யாரையும் வெட்டவில்லை. சோதனையால்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இருக்கலாம்.

இழுப்பறையைத் திறந்தால் மஞ்சள் பிடி உருண்டு வருகிறது. பையனை வண்டியில் ஏற்றிப்போன நாளைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது அதற்கு அடுத்த நாள்.

மறுநாள் காலை சோதனை வழக்கம்போல நடந்தது. அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, தன் கைப்பையை முதலில் திறந்து மேசைமேல் கவிழ்த்தார். பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பேசினில் இரண்டு பிளேடும் ஒரு காம்பஸும் சேர்ந்தன.