வாயே தொறக்காது சார்

காவாந்தண்டலத்து வார்டு மெம்பர் வேதகிரிக்கு ஊர் வாயை அடக்கத் தெரியும். தன் வாயை அடக்கத்தான் தெரியாது. அதுவே அவரைக் கவிழ்த்தது.

தொழிற்சாலை கட்ட இடம் தேடி ஒரு கம்பெனியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள் என்றதும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் மகள் இளமதி. ஒரகடத்துப் பக்கம் அவளுக்கு நின்றுகொண்டே செய்கிற வேலை. இருட்டோடு கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். தொழிற்சாலை இங்கேயே வந்துவிட்டால் பிள்ளை மதியச் சோற்றை வீட்டில் தின்னும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

பெண் பார்க்க வந்தவர்களை உட்காரவைப்பது போல உட்காரவைத்துக் கேசரி, பஜ்ஜி எல்லாம் செய்யச் சொன்னார். இளமதிக்கு அன்று விடுமுறை. தட்டுகளை அவள்தான் கொண்டுவந்தாள். தண்ணீர், ரோடு, கரண்டு எல்லாம் விசாரித்துவிட்டு, ஸ்ரீகாந்த் என்கிற அதிகாரி கேட்டார்:

"ஆளுங்க எப்படி? சங்கம், ஸ்ட்ரைக்னு பிரச்சினை வருமா?"

பத்து வீட்டுக்குச் சம்பந்தம் பேசிய வாய் அல்லவா? பெண்ணின் அடக்கத்தை அளக்கிற அதே பேச்சு வந்துவிட்டது.

"அந்தப் பேச்சே கெடியாது சார். நம்மூரு பொண்ணுங்க வாயே தொறக்காது. தோ கீதே, என் பொண்ணு. நாள் பூரா நின்னுகினே வேலை செய்யுது. காலு ரெண்டும் வீங்கிப் போய் வரும். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்குமா? இன்னா செஞ்சாலும் பொறுத்துக்கும்!"

ஸ்ரீகாந்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நல்லது" என்றார்.

இளமதி தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "என் காலு வீங்கறது உனக்குத் தெரியுமா நைனா?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "ஒரு நாளும் கேட்டதே இல்லியே."

வேதகிரிக்குத் தெரியும். கூடத்தில் அவள் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, பார்க்காதவர் போல டிவி சத்தத்தைக் கூட்டியவர்தானே அவர். பெற்ற பிள்ளையின் வலியை எடுத்து வந்தவர்களுக்குப் பரிமாறிவிட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

கம்பெனிக்கு ஊர் பிடித்துப்போயிற்று. இடத்தைவிட ஆட்கள்தான் பிடித்தார்களாம். ஸ்ரீகாந்தே போனில் சொன்னார். ஊர் திரண்டு வந்து வேதகிரிக்கு மாலை போட்டது. கழுத்தை நீட்டியவர் நிமிரவே இல்லை. ஏதோ பணிவு என்று மெச்சிக்கொண்டார்கள்.

இளமதி இப்போதும் காலை வெந்நீரில் வைக்கிறாள். ஆனால் குண்டானைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விடுகிறாள்.